கைமாத்து: பழைய டேக் டீம் ரெஸ்லிங்கும் எங்கள் லயத்து டிவியும்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை, எந்தப் பக்கம் போனாலும் சரி, முப்பத்தைந்து நாற்பது வயதுள்ள ஒரு அண்ணனைப் பிடித்து "ரெஸ்லிங்" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப் பாருங்கள். அடுத்த அரை மணித்தியாலத்துக்கு நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. அண்டர்டேக்கர் செத்துப் பிழைத்த கதையில் தொடங்குவார், ரொக் புருவம் தூக்கியதைச் செய்து காட்டுவார், ஜெஃப் ஹார்டி ஏணியிலிருந்து பாய்ந்ததில் வந்து நிற்பார். கடைசியில் ஒரு பெருமூச்சு. "இப்ப எல்லாம் என்னடா ரெஸ்லிங்? அந்தக் காலத்து டேக் டீம் மாதிரி வருமா?"

இந்த வசனத்தை நாங்கள் பல வாயிலிருந்து கேட்டுவிட்டோம். முதலில் சிரித்தோம். வயசானவர்கள் எல்லோரும் "எங்க காலத்துல" என்றுதானே பேசுவார்கள்! ஆனால் வரலாறு படிக்கிற ஆட்கள் என்ற முறையில் ஒரு கேள்வி உறுத்தியது. அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில், இங்கிலீஷில் நடந்த ஒரு விளையாட்டு, தேயிலை மலையில் லயத்துக் காம்பராவில் இருந்த பையனுக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாக இருந்தது? அதிலும் ஏன் குறிப்பாக டேக் டீம்? அவர்கள் எதை இழந்துவிட்டதாக நினைக்கிறார்கள்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளின் பின்னால் நாங்கள் போன பாதை. பாதி அமெரிக்க வரலாறு, பாதி நம்ம ஊர் வரலாறு.

கை நீட்டினால் போதும்

ரெஸ்லிங் பார்க்காதவர்களுக்காக முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். டேக் டீம் என்றால் இரண்டு பேருக்கு இரண்டு பேர். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தில் ஒருவர்தான் ரிங்குக்குள் நிற்கலாம். மற்றவர் கயிற்றுக்கு வெளியே, தன் மூலையில் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து கையைத் தொட்டால்தான் வெளியே இருப்பவர் உள்ளே வரலாம். அந்தத் தொடுகைதான் டேக். அதை நடுவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் செல்லாது.

இந்தச் சின்னச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நாடகமே கட்டினார்கள். அதன் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் நல்லவர்கள் கை ஓங்கும். பிறகு கெட்டவர்கள் ஏதாவது கள்ள வேலை செய்து, நல்லவர்களில் ஒருவரைத் தங்கள் மூலைக்கு இழுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அவரை மாறி மாறி அடிப்பார்கள். அவர் தவழ்ந்து தவழ்ந்து தன் மூலைக்கு வருவார். கூட்டாளி கயிற்றின் மேல் சாய்ந்து கையை நீட்டுவார். இன்னும் ஒரு சாண் தூரம்தான். அப்போது காலைப் பிடித்துத் திரும்ப இழுத்துவிடுவார்கள். மறுபடியும் தவழல். ஒரு தடவை கை பட்டேவிடும், ஆனால் நடுவர் அந்த நேரம் பார்த்து மற்றப் பக்கம் திரும்பி நிற்பார். "ஏய், தொட்டுட்டான்டா!" என்று முழு லயமும் கத்தும். கடைசியில் உண்மையாகவே கை படும். கூட்டாளி புயல் மாதிரி உள்ளே வருவான். அதற்குப் பெயர் 'ஹொட் டேக்'.

இதில் ஒரு இங்கிலீஷ் சொல்லும் விளங்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தனி ஆள் சண்டைகளில் மைக்கைப் பிடித்துப் பேசுகிற பேச்சு முக்கியம். யாருக்கு யார் மேல் என்ன கோபம் என்பது அந்தப் பேச்சில்தான் இருக்கும். டேக் டீமுக்கு அது இல்லாமலும் முடியும். அடி வாங்குகிறவன் ஒருத்தன், உள்ளே வர முடியாமல் துடிக்கிறவன் ஒருத்தன், பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்கிற நடுவர் ஒருத்தர். இங்கிலீஷ் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலையில் படித்த பையனுக்கும் இந்தக் கதை முதல் நிமிடத்திலேயே விளங்கியது.

நம்ம பேச்சில் 'கைமாத்து' என்று ஒரு சொல் இருக்கிறது. சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கும், வீட்டில் மா முடிந்திருக்கும், பக்கத்துக் காம்பராவில் போய் "ஒரு கைமாத்து குடு அக்கா" என்று வாங்கி வருவோம். வட்டி இல்லை, துண்டு இல்லை, சாட்சி இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. டேக் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தாராசிங்கிலிருந்து ஏணி வரை

எங்கள் தாத்தாமார்களுக்கும் இந்தத் தொழில்முறை ரெஸ்லிங் தெரியாத விஷயமில்லை. "பெரிய தாராசிங்குன்னு நெனப்பு" என்று திட்டு வாங்காத பையன் யார்? 1928இல் பஞ்சாபில் பிறந்த தாராசிங், 1940களின் கடைசியில் சிங்கப்பூருக்குப் போய், அங்கே வேலை செய்துகொண்டே மல்யுத்தம் பழகியவர். அவருடைய பிரதான எதிராளி கிங்காங் என்ற எமில் சாயா. 1909இல் இன்றைய ருமேனியாவில் உள்ள ஒரு ஊரில் பிறந்து, ஆசியாவுக்கு வந்து, 1970இல் சிங்கப்பூரிலேயே இறந்தவர். ஒல்லியான பையனைத் தாராசிங் என்றும் குண்டான பையனைக் கிங்காங் என்றும் கூப்பிடுகிற வழக்கம் இந்தச் சண்டைகள் விட்டுப்போன மிச்சம். தாராசிங்குக்குப் பிறகு இன்னொரு பிறவியும் கிடைத்தது. ராமானந்த் சாகரின் ராமாயணம் தொலைக்காட்சித் தொடரில் அனுமாராக நடித்தார்.

ஆனால் அண்ணன்மார் ஏங்குவது அந்தக் காலத்துக்கு அல்ல. அவர்கள் சொல்வது டபிள்யூ.டபிள்யூ.எஃப். காலம். உலக வனவிலங்கு நிதியமும் இதே எழுத்துகளைப் பயன்படுத்தியதால் வழக்கு நடந்து, 2002 மே மாதத்தில் அந்தக் கம்பனி தன் பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டது. "டபிள்யூ.டபிள்யூ.எஃப்." என்று இன்னமும் வாய்தவறாமல் சொல்கிற ஆள் எந்த வயசுக்காரர் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் கம்பனி 1971இல் டேக் டீமுக்கென்று தனி உலகப் பட்டம் உண்டாக்கியது. 1980கள்தான் அதன் பொற்காலம் என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். முகத்தில் சாயம் பூசி, தோளில் முள்ளு வைத்த கவசத்தோடு வந்த ரோட் வொரியர்ஸ் 1983இல் சேர்ந்தவர்கள். அவர்களைப் பார்த்து உருவான மாதிரி இருந்த டிமோலிஷன், 1988 மார்ச்சில் பட்டம் வென்று 478 நாள் விடாமல் வைத்திருந்தது. அந்தச் சாதனையை நியூ டே என்ற மூவர் குழு 2016 டிசம்பரில்தான் முறியடித்தது. அளவெடுத்து அடிக்கிற பிரெட் ஹார்ட்டும் மலை மாதிரி நின்ற ஜிம் நைட்ஹார்ட்டும் சேர்ந்த ஹார்ட் ஃபவுண்டேஷன், இங்கிலாந்திலிருந்து வந்த பிரிட்டிஷ் புல்டோக்ஸ், பறந்து பறந்து அடித்த ரொக்கர்ஸ். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் குறை இன்னொருவர் நிறை. வேகம் இல்லாதவனுக்கு வேகமானவன், பலம் இல்லாதவனுக்குப் பலசாலி.

பிரிவும் இந்தக் கதைகளில் ஒரு பகுதிதான். 1992 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில், ரொக்கர்ஸ் ஜோடியின் ஷோன் மைக்கல்ஸ் தன் கூட்டாளி மார்ட்டி ஜனெட்டியை உதைத்து, கண்ணாடி ஜன்னலுக்குள் தூக்கி எறிந்தார். மைக்கல்ஸ் அதன் பிறகு பெரிய நட்சத்திரம். ஜனெட்டியின் பெயரோ, ஜோடி பிரிந்தால் பின்தங்கிவிடுகிற ஆளுக்கு ஒரு பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. டேக் டீமின் உள்ளே எப்போதும் இருந்த பயம் இதுதான்: கம்பனிக்குத் தேவை ஒரே ஒரு ஆள், மற்றவன் அவனை ஏற்றிவிடுகிற ஏணி.

ஏணி என்றதும் 2000ஆம் ஆண்டுக்கு வந்துவிட்டோம். அந்த வருடம் ஒகஸ்ட் 27இல் சம்மர்ஸ்லாமில் மேசை, ஏணி, கதிரை மூன்றையும் வைத்து மூன்று ஜோடிகள் மோதின. ஹார்டி போய்ஸ், டட்லி போய்ஸ், எட்ஜும் கிறிஸ்டியனும். உயரத்தில் தொங்குகிற பட்டத்தை ஏணியில் ஏறிப் பறிக்க வேண்டும். எட்ஜும் கிறிஸ்டியனும் வென்றார்கள். 2001 ஏப்ரல் 1இல் ரெஸ்ல்மேனியாவில் அதே ஆறு பேரும் மறுபடி மோதினார்கள். எங்கள் பக்கத்து அண்ணன்மார் பலருக்கு ரெஸ்லிங் என்றால் இந்த இரண்டு சண்டைகள்தான். மூன்று ஜோடியையும் அண்ணன் தம்பி என்றே நம்பியிருந்தார்கள். உண்மையில் ஹார்டிகள் மட்டும்தான் கூடப் பிறந்தவர்கள். எட்ஜும் கிறிஸ்டியனும் பால்ய நண்பர்கள். டட்லிகள் ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு. சகோதரர்கள் என்பது கதை.

இது எல்லாம் மலைக்கு எப்படி வந்து சேர்ந்தது? இலங்கையில் 1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி என்று தொலைக்காட்சி வந்தாலும், பல லயங்களுக்குக் கரண்ட் வர அதற்குப் பிறகும் வருடக்கணக்காக ஆனது. கார் பட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டிவி, டவுனுக்குச் சுமந்துபோய் சார்ஜ் பண்ணிவந்த பட்டரி, வாடகைக்கு எடுத்த டெக், கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன கெசட், பிறகு சீடி, பிறகு கூரைக்கு மேல் முளைத்த டிஷ் அன்டெனா. 2002இல் டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசை தொடங்கிய பிறகு டிஷ் இருந்த வீட்டில் கூட்டம் தாங்காது. டிவி கிட்டாத நேரத்துக்கு ட்ரம்ப் கார்ட். உயரம், எடை, நெஞ்சளவு, வென்ற சண்டை என்று நம்பர் போட்ட அந்த அட்டைகளை வைத்துத்தான் எங்களில் சிலருடைய அண்ணன்மார் பெரிய எண்களை இங்கிலீஷில் வாசிக்கவே பழகினார்கள். மாட்டுக்கு அறுத்து வைத்த புல்லுக்கட்டு மெத்தை ஆனது. இஸ்தோப்புச் சுவர் ரிங்கின் மூலை ஆனது.

"எல்லாம் நடிப்புடா"

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். பையன்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, "எல்லாம் நடிப்புடா, காசுக்கு அடிச்சுக்கிறானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பெரியப்பா சொன்னது சரிதான். இதைக் கம்பனியே ஒப்புக்கொண்டது. 1989 பெப்ரவரியில் நியூ ஜெர்சி மாநில செனட் சபைக்கு முன்னால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு, தாங்கள் நடத்துவது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று சொன்னது. காரணம் நேர்மை இல்லை. விளையாட்டு என்றால் மாநில ஆணைக்குழுவின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. பொழுதுபோக்கு என்றால் அந்தத் தொல்லை குறைவு. இத்தனை வருடமாகக் கட்டிக்காத்த ரகசியத்தை ஒரு வரிக் கணக்குக்காக முதலாளியே உடைத்துவிட்டார்.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டும் ஜனங்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலன் பார்த், 1957இல் வெளியான 'மிதோலொஜீஸ்' நூலின் முதல் கட்டுரையையே ரெஸ்லிங்குக்குத்தான் ஒதுக்கினார். அங்கே யார் ஜெயிப்பார் என்பது ஜனங்களுக்கு முக்கியமில்லை, வேதனையும் வஞ்சகமும் நீதியும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடப்பதைத்தான் பார்க்க வருகிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கலைப்பீடத்தில் எங்களுக்கு இதைப் பெரிய கோட்பாடாகச் சொல்லித் தந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த மலையகப் பிள்ளைகளுக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. காமன் கூத்து.

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதன் எரியப்போகிறான் என்று கூத்தைப் பார்க்க வருகிற எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையைத் தவிர தெரியாத ஆள் கிடையாது. சிவன் வேஷம் கட்டியவர் யாருடைய மாமா, ரதி வேஷம் கட்டியவர் எந்த லயத்துப் பையன் என்பதும் தெரியும். தெரிந்தும் ரதி அழும்போது கிழவிகள் சேர்ந்து அழுவார்கள். காமன் பண்டிகையோடு சேர்ந்த லாவணிப் பாட்டில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று இரண்டு பக்கம் பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடுகிற மரபே உண்டு. நிஜமா நடிப்பா என்று ரெஸ்லிங்கைப் பற்றி நடந்த சண்டைக்கு நம்ம ஆட்கள் எப்போதோ தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு கூத்து பொன்னர் சங்கர். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் நிதானம், தம்பி ஆவேசம். இரண்டு பேரும் சேர்ந்து நிற்பார்கள், வஞ்சனையால் படுகளத்தில் விழுவார்கள். விடிய விடிய இதைப் பார்த்து வளர்ந்த ஒரு சமூகத்துக்கு, முகத்தில் சாயம் பூசிய இரண்டு பேர் தோளோடு தோள் நின்று சண்டை போடுவதும், கள்ளத்தனத்தால் தோற்பதும் புதுசா என்ன? மொழிதான் வேறு. அமைப்பு நமக்குப் பழக்கமானது. டேக் டீம் தோட்டத்துக்கு வந்தபோது அதற்கு ஒரு இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது என்பது எங்கள் எண்ணம்.

ரிங்குக்கு வெளியே

இதுவரைக்கும் அண்ணன்மார் பக்கம் நின்று பேசிவிட்டோம். இனி அவர்களுக்குப் பிடிக்காத பக்கம்.

பழைய டேக் டீம் என்றால் அழகு மட்டும் இல்லை. 1985 மார்ச் 31இல் நடந்த முதல் ரெஸ்ல்மேனியாவில் டேக் பட்டத்தைப் பறித்த கெட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஈரான்காரரான அயர்ன் ஷேக். மற்றவர் ரிங்கில் நின்று சோவியத் தேசிய கீதம் பாடுகிற நிக்கொலாய் வொல்கொஃப். நிஜத்தில் வொல்கொஃப் ரஷ்யரே அல்ல. யூகோஸ்லாவியாவிலிருந்து, கம்யூனிச ஆட்சியை விட்டு வெளியேறி வந்தவர். அமெரிக்காவுக்கு யார் எதிரியோ அவன் ரிங்கில் கெட்டவன். சமோவாத் தீவுக்காரர்களான அஃபா, சிகா சகோதரர்களுக்குக் 'காட்டு சமோவர்கள்' என்று பெயர் வைத்து, பேசத் தெரியாதவர்கள் மாதிரி நடிக்க வைத்தார்கள். நம்ம நிறத்துக்காரன் ரிங்குக்கு வந்தால் பெரும்பாலும் காட்டானாகவோ மந்திரவாதியாகவோதான் வருவான். லயத்தில் உட்கார்ந்திருந்த நாமும் அவனைப் பார்த்துத்தான் "கொல்லுடா அவனை" என்று கத்தினோம். நாஸ்டால்ஜியா பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அடுத்தது உடம்பு. பிரிட்டிஷ் புல்டோக்ஸ் ஜோடியான டைனமைட் கிட்டும் டேவி போய் ஸ்மித்தும் சொந்த மச்சான்மார். 1986 ஏப்ரலில் பட்டம் வென்றார்கள். அந்த வருடக் கடைசியில் டைனமைட் கிட்டுக்கு முதுகில் பெரிய காயம், சத்திரசிகிச்சை. ஆனால் பட்டத்தை ரிங்கில் வைத்துத்தான் கைமாற்ற வேண்டும். 1987 ஜனவரியில் நடக்கவே முடியாத நிலையில் அவரை ஸ்மித் தாங்கிக்கொண்டு வந்தார். ஆட்டம் தொடங்கியதுமே அவர் கீழே விழுந்து கிடந்தார். மீதியை ஸ்மித் தனியாக இழுத்து முடித்தார். கெட்டவர்களுக்குத் துணைபோகிற நடுவராக டேனி டேவிஸ் நடித்த அந்தச் சண்டையில் பட்டம் ஹார்ட் ஃபவுண்டேஷனிடம் போனது. டிவியில் பார்த்தவர்களுக்கு அது கதை. உள்ளே ஒருவர் இன்னொருவரைச் சுமந்தது நிஜம்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருமே பகையாகிப் பிரிந்தார்கள். ஸ்மித் 2002இல் 39 வயதில் செத்துப்போனார். டைனமைட் கிட் பல வருடம் சக்கர நாற்காலியில் இருந்து, 2018இல் தன் அறுபதாவது பிறந்த நாளிலேயே கண்மூடினார். ரோட் வொரியர்ஸ் ஹோக் 2003இல் இறந்தபோது வயது 46. அண்ணன்மார் வாயூறி வாயூறிச் சொல்கிற அந்த உடம்புகள் மருந்தாலும் ஓய்வில்லாத பயணத்தாலும் கட்டியவை, அதாலேயே உடைந்தவை.

இவர்களுக்கு ஏன் யாரும் கேட்க இல்லை? இந்த இடத்தில்தான் எங்களுக்கு உண்மையாகவே உறைத்தது. ரெஸ்லிங்காரர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. கம்பனி அவர்களை ஊழியர்கள் என்றே கணக்கில் எடுக்கவில்லை. 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று ஒரு பெயர். 1986இல், இரண்டாவது ரெஸ்ல்மேனியாவுக்கு முன்னால், ஜெஸி வென்டுரா உடை மாற்றும் அறையில் சக வீரர்களிடம் சங்கம் அமைப்போம் என்று பேசிப் பார்த்தார். விஷயம் உடனே முதலாளி வின்ஸ் மக்மான் காதுக்குப் போய்விட்டது. சொன்னது யார் என்று வென்டுராவுக்குப் பல வருடம் தெரியாது. பிறகு வீடியோக்களுக்கான உரிமத் தொகை கேட்டு அவர் கம்பனி மேல் போட்ட வழக்கில், சத்தியத்தின் பேரில் கேட்கப்பட்டபோது மக்மான் ஒரு பெயரைச் சொன்னார். ஹல்க் ஹோகன். எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்த, எல்லோருக்கும் பிடித்த நல்லவன். வென்டுராவுக்கு 1994இல் எட்டு லட்சம் டொலருக்கு மேல் கிடைத்தது. சங்கம் மட்டும் இன்று வரைக்கும் வரவில்லை.

மலையகத்தில் இந்த மாதிரி ஆளுக்கு ஒரு பழைய சொல் உண்டு: கருங்காலி. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அந்த வரலாற்றின் மேல் வளர்ந்தவர்கள் நாங்கள். 'கூட்டு ஒப்பந்தம்' என்ற சொல்லை அம்மாவும் அப்பாவும் பேசிக் கேட்டே வளர்ந்தோம். ரிங்குக்குள்ளே கூட்டாளிக்காகக் கை நீட்டு என்று கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதை சொன்ன ஒரு கம்பனி, ரிங்குக்கு வெளியே அந்த ஆட்கள் ஒருவருக்கு ஒருவர் கை கொடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டது. நம்ம சங்கங்கள் மேல் நமக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் சங்கமே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று பார்க்க, அண்ணன்மாரின் பழைய ட்ரம்ப் கார்ட் கட்டைப் பிரித்து, அதில் எத்தனை பேர் ஐம்பது வயதைத் தாண்டினார்கள் என்று தேடினால் போதும்.

அப்போ எது போச்சு?

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். டேக் டீம் செத்துப்போகவில்லை. 2001இல் போட்டிக் கம்பனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வை மக்மான் வாங்கிய பிறகு, வேறு எங்கும் போக முடியாத நிலையில் ஜோடிகள் மெலிந்தன, தனி நட்சத்திரங்கள் முன்னுக்கு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிற்பாடு இரட்டைச் சகோதரர்களான உசோஸ் 622 நாள் பட்டத்தை வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரல் 1இல் கெவின் ஓவன்ஸ், சாமி ஸெய்ன் ஜோடி அவர்களைத் தோற்கடித்த சண்டை, ரெஸ்ல்மேனியாவின் முதல் நாள் இரவின் கடைசிச் சண்டையாக வைக்கப்பட்டது. டேக் பட்டத்துக்கு அந்த மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. அன்றைய 'காட்டு சமோவர்' சிகாவின் மகன் ரோமன் ரெய்ன்ஸ் இன்று பெரிய நட்சத்திரம். அப்படியென்றால் "இப்ப எல்லாம் என்ன ரெஸ்லிங்" என்பது ரெஸ்லிங்கைப் பற்றிய புகாராக மட்டும் இருக்க முடியாது.

நாங்கள் கேட்டுப் பார்த்த ஆட்கள் யாரும் சண்டையைப் பற்றி மட்டும் பேசவில்லை. யார் வீட்டு டிவி, யார் அன்டெனாவைத் திருப்பியது, மழைக்குப் படம் போனபோது யார் கூரையில் ஏறியது, நுழைய விடாமல் கதவைச் சாத்திய வீடு எது, ஜன்னல் வழியாகப் பார்க்க விட்ட வீடு எது. இதுதான் அவர்களுக்கு ஞாபகம். ஒரு லயத்துக்கு ஒரு டிவி என்ற நிலைமை வறுமை. அதை அழகுபடுத்த நாங்கள் தயாரில்லை. ஆனால் அந்த வறுமைக்குள் இருபது பேர் ஒரே நேரத்தில் ஒரே கையைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இன்று அதே சண்டை ஒவ்வொருத்தன் ஃபோனிலும் இருக்கிறது. அன்று கூடப் பார்த்தவர்களில் பாதிப் பேர் கொழும்பில் கடையில், மீதிப் பேர் வெளிநாட்டில்.

இங்கே எங்கள் குழுவில் உள்ள பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "அந்த இருபது பேர்ல பொம்பளைப் பிள்ளைங்க எத்தனை பேரு?" பதில் சங்கடமானது. அக்காமார் அந்த நேரத்தில் தண்ணி எடுத்தார்கள், ரொட்டி சுட்டார்கள், மலையிலிருந்து வந்த அம்மாவுக்குச் சுடுதண்ணி வைத்தார்கள். சிலர் அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்தார்கள். ஒரு அக்கா சொன்னது: "சத்தத்த வச்சே யாரு ஜெயிச்சான்னு எனக்குத் தெரியும்." அண்ணன்மாரின் ஏக்கத்தில் அக்காமார் சத்தத்தை மட்டும் கேட்டவர்களாக இருக்கிறார்கள். யாருக்கும் கை மாற்றிவிட முடியாமல் முழு ஆட்டத்தையும் தனியாக ஆடியவர்கள் அவர்கள்தான்.

மலையக வரலாறு என்றால் நாம் குடியுரிமை, சம்பளம், வேலைநிறுத்தம், லயம், நாடு திரும்பியவர்கள் என்றுதான் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அதோடு வேலை முடிந்த பிறகு இந்த ஜனங்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எதற்குக் கத்தினார்கள், எந்தக் கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதும் வரலாறுதான். பட்டரியில் டிவி பார்த்த தலைமுறைக்கு இப்போது நாற்பது வயது. காமன் கூத்தில் வேஷம் கட்டியவர்களின் ஞாபகத்தையாவது சிலர் பதிவு செய்திருக்கிறார்கள். லயத்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதனால் அடுத்த தடவை ஒரு அண்ணன் "அந்தக் காலத்து டேக் டீம்" என்று தொடங்கினால் ஓடிவிடாதீர்கள். ஃபோனில் ரெக்கோர்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்: உங்க லயத்துல முதல் டிவி யாரு வீட்டுல இருந்துச்சு? பட்டரிய யாரு சுமந்தா? பிறகு உள்ளே போய், அதே கேள்வியை அக்காவிடமும் கேளுங்கள்.